மலையடிவாரத்தில் ஒரு பாவனை

மதுரையிலிருந்து தென்காசி செல்லும் பேருந்தில் வலப்புறச் சாளரத்தின் அருகே இடம் கிடைத்தவர்கள் பேறு பெற்றவர்கள். திருமங்கலத்தையும் தே. கல்லுப்பட்டியையும் கடந்தபின், அதுவரை வானத்தின் விளிம்பில் நீலக் கோடாகக் கிடந்த மேற்குத் தொடர்ச்சி மலை சிறிது சிறிதாகக் கிட்டே வந்து, கிருஷ்ணன்கோவிலுக்கு அப்பால் மரங்களை எண்ணிவிடலாம் போன்ற அண்மையில் நின்றுவிடுகிறது. அம்மலையைப் பின்திரையாகக் கொண்டு எழுகிறது திருவில்லிபுத்தூர்க் கோபுரம். பதினொரு நிலை, 192 அடி. தமிழ்நாடு அரசின் முத்திரையில் காண்பது இந்தக் கோபுரமே என்று ஊரார் பெருமிதத்தோடு சொல்வார்கள். அங்கிருந்து இராஜபாளையம் ஏறத்தாழப் 12 கிலோமீட்டர்.

உறவினர் இல்லத் திருமணம் ஒன்றிற்காக இராஜபாளையம் சென்ற நான், திருமணம் முடிந்தபின் இரண்டு நாள்கள் அங்கேயே தங்கினேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான நண்பர் ஒருவர் உடன் வர இசைந்தார். ‘பால்கோவா வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதானே, இரண்டு நாள் என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்று வீட்டார் கேட்டனர். மலையடிவாரத்தில் வாழும் பளியர் என்னும் மக்களைக் காண வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அவ்விருப்பத்துள் ஒரு குறை ஒளிந்திருந்ததை அப்போது நான் உணரவில்லை. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் நண்பர் என்னைத் திருவில்லிபுத்தூர்க் கோவில் வாயிலுக்கு அழைத்துச் சென்றார். உயர்ந்த கோபுரம் வடபத்திரசாயி கோவிலுக்கு உரியது. ஆண்டாள் சந்நிதி அதன் அருகே தனித்து உளது. ஆண்டாளின் தோளில் நாள்தோறும் புதிதாகச் செய்து வைக்கப்படும் கிளியைப் பற்றிப் பலரும் அறிவர். பச்சை இலைகளால் உடல், மாதுளம்பூவினால் அலகு. சொன்னதைத் திருப்பிச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட பறவை இவ்வூரின் அடையாளங்களுள் ஒன்றாக இருப்பது எவ்வளவு பொருத்தம் என்பதை நண்பர் சொல்லக் கேட்டபின்பே அறிந்தேன்.

ஆண்டாள் பாடிய திருப்பாவைக்குப் பழைய உரையாசிரியர்கள் ஒரு பின்னணி கூறுவர். 13-ஆம் நூற்றாண்டினரான பெரியவாச்சான் பிள்ளை போன்றோர் கையாளும் சொல் ‘அனுகாரம்’. ஒருவரைப் போலவே செய்தல் என்பது அதன் பொருள். கண்ணனைப் பிரிந்த ஆயர் மகளிர் நோன்பு நோற்றதுபோல் தானும் நோற்க எண்ணிய ஆண்டாள், தன் ஊரையே ஆயர்பாடியாகக் கொண்டாள். தோழியரை ஆய்ச்சியராகவும், கோவிலை நந்தகோபனின் இல்லமாகவும் கொண்டாள். இவ்வளவு வரை எந்தக் கவிஞரும் செய்யக்கூடியதே. உரைகாரர் இன்னும் ஓர் அடி முன்னே செல்கிறார். ஆய்ச்சியரின் நடையும் பேச்சும் அவளுக்கு வந்தன. தயிரும் நெய்யும் படிந்த ஆடையின் முடை நாற்றமும் அவளிடத்து வீசிற்று என்கிறார்.

அந்தணரான பெரியாழ்வாரின் வளர்ப்பு மகள் மாடு மேய்ப்போரைப் பாவிக்கிறாள். வேடத்தைக் களைந்துவிடலாம், குரலை மாற்றிக்கொள்ளலாம். மேனியின் மணத்தை அவ்வளவு எளிதில் மாற்ற இயலாது. மற்றவரைப் போலச் செய்யப் புகுந்தவர் எந்த அளவுக்குத் தாமே மாறிப்போக வேண்டும் என்பதற்கு இதைவிடக் கூரிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. நம் முன்னோர் வீடுகளில் தாமஸ் அக்கெம்பிஸ் நூலைக் ‘கிறிஸ்துநாதர் அனுசாரம்’ என்ற பெயரில் வைத்துப் படித்ததை நினைவுகூர்வோர்க்கு, அனுகாரம், அனுசாரம் ஆகிய இரு சொற்களும் உடன்பிறப்புகளாகத் தோன்றக்கூடும்.

நண்பர் வேறொன்றும் சொன்னார். திருவரங்கம், ஆழ்வார்திருநகரி ஆகிய ஊர்களைப் போலவே திருவில்லிபுத்தூரிலும் அரையர் சேவை என்னும் பழங்கலை வாழ்கிறது. கூம்பு வடிவக் குல்லாய் அணிந்து, கையில் தாளம் ஏந்தி, பரம்பரையாக இப்பணி செய்யும் ஆடவர் பாசுரங்களை இசைத்து அபிநயிப்பர். அக்கலையில் ‘முத்துக்குறி’ என்றொரு பகுதி உண்டு. காதல் நோயுற்ற மகள், கலங்கும் தாய், முத்துகளைப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சி ஆகிய மூவரையும் அரையர் ஒருவரே நடிக்கிறார். கட்டுவிச்சி மலைக்குறத்தி. தாயும் மருத்துவரும் கண்டறிய மாட்டாத நோயின் காரணத்தை அவளே கண்டு சொல்கிறாள். சமவெளியின் உயர்ந்த கோவிலுக்குள், மரபில் தோய்ந்த பெரியவர் ஒருவர் மலைமகளாக மாறிப் பேசுகிறார். கூடியிருப்போர் கைகூப்பிக் கேட்கின்றனர். திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியின் குற்றாலமும் இங்கிருந்து தொலைவில் இல்லை. மலைப்பெண்ணாகப் பேசிப் பார்க்கும் ஆசை நாட்டுப் புலவர்க்கு நெடுங்காலமாகவே இருந்திருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் கள்ளர் கோலம் பூண்டு மதுரைக்கு வருகிறார். வைகையில் இறங்கும்போது அவர் அணிவது இவ்வூரிலிருந்து சென்ற, ஆண்டாள் சூடிய மாலை. நம் நாட்டில் பாவனை இழிவானதாகக் கருதப்படவே இல்லை. யார் பாவிக்கிறார் என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு ஏறுவதும் இறங்குவதும்.

இராஜபாளையத்தைப் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா தொடங்கிய நூற்பாலையும் அதனைத் தொடர்ந்து எழுந்த ஆலைகளும், பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத் துணியும் பலரும் அறிந்தவை. இவ்வூர் வேட்டை நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. எனக்கு வேண்டியது ஒரு செய்தி மட்டுமே. விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய இராஜுக்கள் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகின்றனர். இவ்வூரில் பிறந்த பூ.ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தார். திருமண வீட்டில் மூதாட்டி ஒருவர் பேரனிடம் தெலுங்கிலும் என்னிடம் தமிழிலும் ஒரே மூச்சில் பேசியதைக் கண்டேன். இவர் ‘தமிழரைப் போலச் செய்கிறார்’ என்றோ, ‘தெலுங்கரின் உண்மைத் தன்மையை இழந்துவிட்டார்’ என்றோ எவரும் சொல்வதில்லை. இரண்டும் அவருடையவை, அவ்வளவே.

மறுநாள் காலை செண்பகத்தோப்புக்குப் புறப்பட்டோம். வழியில் தேநீர்க் கடையில் ஒருவர், நாங்கள் செல்லும் நோக்கத்தை அறிந்ததும் சிரித்தார். ‘இப்பொழுது பளியர் ஏதுங்க? எல்லாரும் சட்டை போட்டுக்கொண்டு செல்பேசியில் பேசுகிறார்கள். நம்மைப் பார்த்து நம்மைப் போலவே ஆகிவிட்டார்கள்’ என்றார். நண்பருக்கு முகம் சுருங்கிற்று. எனக்கோ, உண்மையைச் சொன்னால், ஏமாற்றமே உண்டாயிற்று. தேன் எடுப்போரையும் கிழங்கு அகழ்வோரையும் காணலாமென்று வந்த நான், சட்டை அணிந்தவர்களைக் காணவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று ஒரு கணம் எண்ணினேன். என் விருப்பத்துள் ஒளிந்திருந்த குறை அதுதான்.

செண்பகத்தோப்பு திருவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையின் மடியில் உள்ளது. அவ்வழியே காட்டழகர் கோவிலுக்கும் செல்வர். 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கெனச் சரணாலயமாக்கப்பட்ட இக்காடு, 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. இங்கும், இராஜபாளையத்தை அடுத்த அய்யனார்கோவில் பகுதியிலும், மலையடிவாரத்தின் வேறு சில இடங்களிலும் பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்கள் பேசுவது தமிழே. காட்டு வள்ளிக்கிழங்கும் தேனும் அவர்தம் பழைய வாழ்வின் இரு தூண்கள். அரசின் பழங்குடியினர் பட்டியலில் பள்ளேயன், பள்ளியன், பள்ளியர் என்று மூன்று பெயர்கள் தனித்தனி எண்களோடு நிற்கின்றன. ஒரே ஒலியைக் கேட்ட எழுத்தர்கள் அதைத் தத்தம் வழியில் எழுதிவைத்ததன் விளைவோ என்று தோன்றும். பெயரைக்கூடப் பிறர் எழுதியபடியே சுமக்க வேண்டியிருப்பது சிறியோர்க்கு வாய்த்த விதி.

பளியரைப் பற்றி முதலில் விரிவாக எழுதியோருள் நம் குரு ஒருவரும் உண்டு. மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைக் குருவாகிய தாமன் அடிகளார் 1908-இல் பழனிமலைப் பளியர் குறித்து ‘அந்த்ரோப்போஸ்’ இதழில் கட்டுரை வெளியிட்டார். அவ்விதழை 1906-இல் தொடங்கியவர் இறைவார்த்தை சபையின் வில்ஹெல்ம் ஷ்மித் அடிகளார். நாகரிகத்தின் கலப்பில்லாத எளிய மக்களிடத்தில் மனித குலத்தின் ஆதி இறைநம்பிக்கையின் சுவடுகளைக் காணலாம் என்பது ஷ்மித் அடிகளாரின் கொள்கை. மலைமக்களை விலங்கினும் சற்றே மேலானவர் என்று எண்ணியோர் நிறைந்த காலத்தில், அவர்களிடம் ஒரே இறைவனைத் தேடியது பெருந்தன்மையே. ஆயினும் அதிலும் ஒரு தூரம் இருந்தது. காட்டில் வாழ்வோனை நம் காலத்தவனாகக் காணாமல், நம் பழங்காலத்தின் எச்சமாகக் காணும் தூரம் அது. எச்சம் மாறக் கூடாது. மாறினால் ஆராய்ச்சிக்குப் பயன்படாது.

சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மற்றொரு வகையினர். 1909-இல் வெளிவந்த தென்னிந்தியக் குலங்கள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளுக்காக மூக்கையும் தலையையும் கருவி கொண்டு அளந்தவர். தம்மைக் கண்டு மக்கள் அஞ்சியதை அவரே அந்நூலின் முன்னுரையில் நகைச்சுவையாகச் சொல்கிறார். வயநாட்டில் பணியப் பெண்கள் ஓடி ஒளிந்தார்களாம். தங்களுள் அழகிய உடலினரைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் நிறுத்தவே துரை வந்திருக்கிறார் என்று நம்பினார்களாம். நீலகிரியில் இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று சொல்லி அளக்கவிட மறுத்தாராம். துரைக்கு இது வேடிக்கை. எனக்கென்னவோ அந்தப் பெண்கள் மிகவும் தவறாகப் புரிந்துகொண்டதாகத் தோன்றவில்லை.

அளவுகோலை விடுத்து, உடன் வாழ்ந்து அறிய முயன்றவர்களும் பின்னர் வந்தனர். அமெரிக்கரான பீட்டர் கார்டனர் 1962 முதல் 1964 வரை பளியரிடையே தங்கி ஆராய்ந்தார். பிற்காலத்திலும் திரும்பி வந்தார். இத்தகைய ஆராய்ச்சிக்கு முதற்கருவியே பாவனைதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவர்கள் அமர்வதுபோல் அமர வேண்டும், உண்பதுபோல் உண்ண வேண்டும், சிரிக்கும் இடத்தில் சிரிக்கப் பழக வேண்டும். கார்டனர் கண்டவற்றுள் என் நெஞ்சைத் தொட்டது ஒன்று. பளியர் ஒருவரையொருவர் ‘தரக்குறைவு’ செய்வதை மிகவும் அஞ்சி விலக்குவர். போட்டி போடுவதில்லை, குழந்தையாயினும் அதிகாரம் செலுத்துவதில்லை. சண்டை மூளும்போல் தோன்றினால் ஒருவர் எழுந்து அப்பால் சென்றுவிடுவார். ‘விலகிப் போனவன் தோற்றவன்’ என்று நம் தெருக்களில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அங்கே விலகுவதே பண்பு.

அவருடைய முடிவு தேநீர்க் கடைக்காரருக்கும் எனக்கும் உரியதோர் மறுமொழி. பளியர் காட்டு வாழ்விலிருந்து நாட்டு வாழ்வுக்கு ஒருவழிப் பாதையில் வந்துகொண்டிருப்பவர்கள் என்று நாம் நினைக்கிறோம். கார்டனர் கண்டது போக்குவரத்து. நாட்டாரோடு பழகுங்கால் நாட்டார் வழக்கில் பேசி, நாட்டார்க்குரிய மரியாதைகளைச் செய்து வாழ்வர். காட்டுக்குத் திரும்பினால் காட்டு முறைக்கே திரும்புவர். இது ஓரிரு ஆண்டின் மாற்றமன்று, எல்லையில் வாழும் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட வாழ்முறை என்று 1985-இல் ஒரு கட்டுரையிலும், 2000-இல் ஒரு நூலிலும் அவர் விளக்கினார். இராஜபாளையத்து மூதாட்டிக்கு இரு மொழிகள் உரியவை போல, இவர்களுக்கு இரு வாழ்க்கைகள் உரியவை. முன்னவரிடம் அதைத் திறமை என்று மெச்சும் நாம், பின்னவரிடம் அதைச் சிதைவு என்று சொல்லி வருந்துகிறோம்.

யார் யாரைப் பார்த்துச் செய்கிறார் என்பதிலேயே நம் கண் ஒருபக்கச் சாய்வுடையது. 1832 டிசம்பரில் சார்லஸ் டார்வின் பயணம் செய்த ‘பீகிள்’ கப்பல் தென் அமெரிக்காவின் முனையிலுள்ள தீயெரி தீவை அடைந்தது. அங்கிருந்த மக்கள் ஆங்கிலச் சொற்களைக் கேட்டவுடன் பிழையின்றித் திருப்பிச் சொன்னதையும், கப்பலார் இருமினாலும் கொட்டாவி விட்டாலும் அவ்வாறே செய்து காட்டியதையும் டார்வின் வியந்து எழுதினார். காட்டு மக்களுக்கு இந்த ஆற்றல் ஏன் இவ்வளவு மிகுதி என்றும் ஆராய்ந்தார். அதே பக்கத்தில், கப்பலார் ஒருவர் கண்ணை மாறுகண்ணாக்கி முகத்தைக் கோணியதாகவும், உடனே தீவின் இளைஞன் ஒருவன் அதைவிட விகாரமாகக் கோணிக் காட்டியதாகவும் போகிறபோக்கில் குறிக்கிறார். முகத்தைக் கோணத் தொடங்கியவர் ஆங்கிலேயர் அல்லவா? மானிடவியலறிஞர் மைக்கேல் டௌசிக் 1993-இல் வெளியிட்ட நூலில் இந்நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு இக்கேள்வியை எழுப்பினார். மாலுமி செய்தால் விளையாட்டு. தீவினன் செய்தால் இயல்பு.

அக்கப்பலிலேயே ஜெமி பட்டன் என்று பெயர் சூட்டப்பட்ட தீவு இளைஞன் ஒருவனும் இருந்தான். 1830-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கையுறையும் பளபளக்கும் காலணியும் அணியப் பழகியவன். அவனைத் தாயகத்தில் இறக்கிவிட்டு, 1834-இல் கப்பலார் மீண்டும் வந்து பார்த்தபோது, பழைய கோலத்தில், இடையில் ஒரு துண்டு போர்வையோடு நின்றான். கப்பலுக்கு அழைத்துச் சென்று உணவு படைத்தனர். முன்போலவே ஒழுங்காக உண்டான்; ஆங்கிலத்திலும் பேசினான். திரும்ப இங்கிலாந்துக்கு வருகிறாயா என்றதற்கு, விருப்பமில்லை என்றுவிட்டான். கப்பல் தலைவர்க்கு அது பெரிய ஏமாற்றம். இரண்டையும் அறிந்த ஒருவன் ஒன்றைத் தெரிந்துகொண்டான் என்று எண்ண அவரால் இயலவில்லை.

நம் இல்லத்துக் கதைக்கு வருவோம். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி அடிகளார் அங்கே கண்டது என்ன? தமக்கு முன்னரே ஆண்டுக்கணக்கில் பணிபுரிந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளார், ‘பரங்கி குலத்தில் சேர விருப்பமா?’ என்னும் பொருள்படக் கேட்டே மக்களை வேதத்துக்கு அழைத்துவந்தார். கிறிஸ்தவனாவது என்றால் போர்ச்சுக்கீசியனைப் போல ஆவது என்றே அவ்வினா பொருள் தந்தது. நொபிலி அடிகளார் பாவனையைத் திருப்பி வைத்தார். நீங்கள் என்னைப் போல ஆக வேண்டா, நான் உங்களைப் போல ஆகிறேன் என்றார். காவி உடுத்து, மரக்கட்டை அணிந்து, புலால் துறந்து, தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றுத் தத்துவ போதகர் ஆனார். அவரோடு உடனுறைந்த பெர்னாண்டஸ் அடிகளாரே 1610-இல் முறையீடு எழுதினார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமயத்துக்கு மாறானவையா என்னும் வழக்கு உரோமைக்குச் சென்று, 1623 ஜனவரியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவற்றுக்கு இசைவு தந்த பின்னரே ஓய்ந்தது.

நொபிலி அடிகளாரின் துணிவை நான் பள்ளிப் பருவம் தொட்டே போற்றி வந்திருக்கிறேன். ஆனால் செண்பகத்தோப்புச் சாலையில் நடந்தபோது வேறொரு நினைவு குறுக்கிட்டது. அவர் பாவித்தது யாரை? மேலோரை. அவ்வேடம் உண்மையாக இருக்க வேண்டுமாயின், தாழ்த்தப்பட்டோரை அவர் வெளிப்படையாக அணுக முடியாது. தம் உடன்பிறவாச் சகோதரரான பெர்னாண்டஸ் அடிகளாரோடும் சேர்ந்து உண்ண முடியாது. ஒரு மதிலைத் தாண்டுவதற்கு இன்னொரு மதிலின் உள்ளே சென்று அமர்ந்தார். அக்குறையை அவரே உணர்ந்ததனாலன்றோ 1640-இல் பண்டாரசாமிகள் என்னும் வேறு வகைத் துறவியரை ஏற்படுத்தினார்! பல்தசார் தா கோஸ்தா அடிகளார் முதல் பண்டாரசாமியாகி எளிய மக்களிடம் சென்றார். ஆண்டாளோ அந்தணர் வீட்டிலிருந்து இடைச்சேரிக்கு இறங்கியவள் என்று உரைகாரர் எழுதிவைத்திருக்கின்றனர். மேல் நோக்கிய பாவனைக்கும் கீழ் நோக்கிய பாவனைக்கும் உள்ள வேற்றுமையை நாற்றத்தைக் கொண்டுதான் அறிய முடியும் போலும்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் பழங்குடியினர் என்னும் சாதிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர் வழங்குகிறார். அச்சான்று இருந்தால்தான் கல்வியில், பணியில் உரிய இடம். பொய்யாகப் பழங்குடி என்று சொல்லி இடங்களைப் பறித்தோர் பலர் உண்டு. அவர்களைத் தடுக்க வேண்டியது நியாயமே. அந்நோக்கத்தோடு உச்ச நீதிமன்றம் 1994 செப்டம்பரில் மாதுரி பாட்டீல் வழக்கில் விசாரணை முறைகளை வகுத்தது. விண்ணப்பிப்பவரின் குலத்துக்குரிய மானிடவியல் பண்புகள், தெய்வம், சடங்கு, திருமண முறை, ஈமச் சடங்கு, பிணம் அடக்கும் முறை ஆகியவற்றைக் கேட்டு ஆராய வேண்டும் என்பது அதனுள் ஒன்று.

எண்ணிப் பாருங்கள். பள்ளியில் சேர்ந்து, சீருடை உடுத்து, பாடநூலை மனனம் செய்து, எல்லாப் பிள்ளைகளையும் போல ஆகிவிடு என்று ஒரு குழந்தையிடம் பன்னிரண்டு ஆண்டு சொல்கிறோம். அதன் பின்னர் ஓர் அலுவலகத்தில் நிறுத்தி, நீ எல்லாரையும் போல இல்லை என்பதை மெய்ப்பித்துக் காட்டு என்கிறோம். தாத்தாவின் தெய்வத்தின் பெயர் என்ன? உங்கள் வழக்கில் பிணத்தை எப்படி அடக்குவீர்கள்? அந்தப் பிள்ளை தன் குலத்தையே ஒரு வேடம்போல் பூண்டு நடிக்க வேண்டியதாகிறது. நடிப்பு நன்றாக அமையாவிட்டால் அவன் பளியன் அல்லன். அரையர் மலைக்குறத்தியாக நடிப்பதைக் கைகூப்பிப் பார்க்கும் நாடு, மலைமகளிடம் ‘நீ மலைமகள்போல் இல்லையே’ என்று கேட்கிறது. 2011-இல் ஆனந்த் என்பவர் வழக்கில், இடப்பெயர்வாலும் காலமாற்றத்தாலும் பழைய பண்புகள் மறைந்திருக்கக் கூடும், ஆதலின் இச்சோதனை ஒன்றையே முடிவான அளவுகோலாகக் கொள்ளலாகாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிற்று. 2023 மார்ச்சில் மூன்று நீதியரசர் அமர்வும் அதனை உறுதி செய்தது. தீர்ப்பு வந்துவிட்டது. கேட்போரின் மனத்திலுள்ள படம் அத்தனை விரைவில் மாறுமா என்பது வேறு.

வனத்துறையின் சோதனைச் சாவடியில் பெயரும் ஊரும் சொல்லிவிட்டுக் குடியிருப்பை அடைந்தபோது முற்பகல் பத்து மணி இருக்கும். பெரியவர்கள் வேலைக்குச் சென்றிருந்தனர். திண்ணையில் அமர்ந்திருந்த ஒரு முதியவர் எங்களை வரவேற்று, எதற்கு வந்தோம் என்று கேட்காமலேயே தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான்கைந்து சிறுவர் சூழ்ந்துகொண்டனர், விடுமுறை நாள். வெயிலில் நடந்து வந்ததால் என் மூக்குக் கண்ணாடியில் வேர்வை படிந்திருந்தது. கழற்றி, வேட்டியின் முனையால் துடைத்து, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்து, மீண்டும் அணிந்தேன். நாற்பது ஆண்டு வழக்கம். அதைச் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

பின்னால் சிரிப்பொலி எழுந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒரு சிறுவன் இல்லாத கண்ணாடியைக் கழற்றிக் கால்சட்டையின் ஓரத்தில் துடைத்து, ஒரு கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைச் சுருக்குவேன் என்பதை அவன் சொல்லித்தான் அறிந்தேன். முதியவர் மெல்ல, ‘தம்பி, வேண்டாம்யா’ என்றார். அதட்டல் இல்லை, அவ்வளவே. சிறுவன் உடனே கையைத் தாழ்த்திக்கொண்டான்.

‘இருக்கட்டும் ஐயா, சரியாகத்தான் செய்தான்’ என்றேன் நான்.

அதன்பின் அவன் நாணம் தெளிந்தான். தேக்கு மரத்தின் பக்கம் கைகாட்டி, செம்போத்தின் குரலைத் தொண்டைக்குள்ளிருந்து எழுப்பினான். தோப்பின் உள்ளிருந்து செம்போத்து ஒன்று பதில் கொடுத்தது. ‘நீங்க செய்ங்க’ என்றான் என்னைப் பார்த்து. நண்பர் மறுத்துவிட்டார். நான் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு முயன்றேன். தோப்பிலிருந்து ஒலி இல்லை. சிறுவர் தரையில் விழுந்து புரண்டு சிரித்தனர். முதியவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ‘தொண்டையில இல்லீங்க, நெஞ்சுல இருந்து’ என்று சிறுவன் தன் மார்பைத் தொட்டுக் காட்டினான். பேருந்துக்கு நேரமாகிறது என்று நண்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் இன்னொரு முறை முயன்றுகொண்டிருந்தேன்.